ஒரு பொன் வாடகை. மூன்று ஜெபம் வட்டி!

பெற்ற தாய்க்கு ஒரு வீடு தேட வேண்டும்!

மாளிகை அன்று, மாடிமேல் மாடி வைத்த அடுக்ககமும் அன்று. சிறு வீடு, கைக்கு அடங்கிய வாடகை, பேச்சுத் துணைக்குப் பத்துப் பேர், நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஓடிவர ஓர் ஆள் — இவ்வளவே வேண்டுவது. இந்த ‘இவ்வளவை’த் தேடித்தான் இன்று தமிழகத்து இளைஞர் எத்தனையோ பேர் அலைகின்றனர். மகன் ஓசூர்த் தொழிற்சாலையில். மகள் துபாய் மருத்துவமனையில். தாயோ ஊரில், பூட்டிக் கிடக்கும் மூன்று அறைகளுக்கு நடுவே, திறந்திருக்கும் ஓர் அறையில்! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதை எட்டியவர்கள். எனவே இஃது ஒரு வீட்டின் கவலை அன்று; ஒரு நாட்டின் கேள்வி.

கேள்வி எழுந்ததும் இரண்டு குரல்கள் இரு காதிலும் ஒலிக்கின்றன. ஒரு காதில் பழமையின் குரல்: “பெற்றவளை விடுதியில் தள்ளுகிறான் பாவி! இவனுக்கு நற்கதி உண்டா?” மறு காதில் வணிகத்தின் குரல்: “பொன்னான முதுமைக்குப் பூலோக சொர்க்கம்! முன்பணம் சில இலட்சம் மட்டுமே!” முன்னது அச்சுறுத்துகிறது, பின்னது ஆசை காட்டுகிறது. அச்சத்தில் எடுக்கும் முடிவும் அறிவுக்குப் பகை. ஆசையில் எடுக்கும் முடிவும் அறிவுக்குப் பகை. அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டும். அந்தக் கோலை வரலாறு தரும் என்கிறோம் நாம்.

பள்ளியிலே வரலாறு கற்பிக்கிறோம். பானிப்பட்டுப் போர் எத்தனை, எந்த ஆண்டு, வென்றவர் யார், வீழ்ந்தவர் யார் என்று கரும்பலகை நிறைய எழுதுகிறோம். ஆனால் ஏழைக் கிழவி எந்த நாட்டில், எந்தக் கூரையின் கீழ்ப் படுத்தாள், அந்தக் கூரைக்கு அவள் கொடுத்த விலை என்ன என்று எழுதுவதில்லை. மன்னர்கள் கட்டிய மதிலுக்கு மட்டுமா வரலாறு? முதியோர் குடியிருந்த சிறு வீட்டுக்கும் உண்டு. அதைப் புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் ஆக்ஸ்பர்க் என்றொரு நகரம். அந்நகரின் நடுவே, மதிலும் வாயிலும் கொண்ட ஒரு குட்டி நகரம். ஃபுக்கெராய் என்பது அதன் பெயர். 1521ஆம் ஆண்டில் அதற்கான அறக்கட்டளைச் சாசனம் எழுதப்பட்டது. 1523ஆம் ஆண்டுக்குள் 52 வீடுகள் எழுந்தன. இன்று அங்கு 67 வீடுகள். அவற்றுள் 140 குடித்தனங்களுக்கு இடம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏழைகள் வாழும் இடம் அது. வாடகை என்ன தெரியுமா? அன்று ஓராண்டுக்கு ஒரு ரைன் நாட்டுப் பொன். இன்றோ, அதே தொகையைக் கணக்கிட்டு 88 சென்ட். திங்களுக்கு அன்று, ஆண்டுக்கு! நம் பணத்தில் ஏறத்தாழ நூறு ரூபாய். விளக்குக்கும் கணப்புக்கும் ஆகும் செலவு மட்டும் தனி.

தொடக்கத்தில் அது முதியோருக்கென்றே கட்டப்பட்டதன்று. பாடுபட்டும் பசி தீராத கைவினைஞர், நாட்கூலிகள் ஆகியோர் மனைவி மக்களோடு குடியேறினர். இசைமேதை மொசார்ட்டின் பாட்டனைப் பெற்ற ஃபிரான்ஸ் மொசார்ட் என்னும் கொத்தனார் 1681 முதல் 1694 வரை அங்குதான் வாழ்ந்தார். காலம் செல்லச் செல்ல, ஓய்வு பெற்ற முதியோர், கணவனை இழந்த மூதாட்டியர் எனப் பலருக்கும் அதுவே புகலிடம் ஆயிற்று.

அந்த வீடுகளின் அமைப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஏறத்தாழ 60 சதுர மீட்டர். அறுநூறு சதுர அடிக்குச் சற்று மேல். கீழ்த்தளத்தில் ஒரு குடித்தனம். மேல்தளத்தில் ஒரு குடித்தனம். ஆனால் இரண்டுக்கும் தெருவைப் பார்த்துத் தனித்தனி வாயில்! கீழ் வீட்டுக்குச் சிறு தோட்டம். மேல் வீட்டுக்குப் பரண். வாயில்தோறும் தொங்கும் மணிக் கைப்பிடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். ஏன்? தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் வருபவர் கையால் தடவிப் பார்த்தே தம் வீட்டை அறிந்துகொள்வதற்காக! ஏழைக்குக் கொடுப்பது கொட்டகை என்று உலகம் எண்ணியிருந்த நூற்றாண்டிலே, ஏழைக்கும் ஒரு கதவு, அக்கதவுக்குள் ஒரு தனிமை, அத்தனிமைக்கு ஒரு மரியாதை என்று எண்ணிய மனம் பாராட்டத்தக்கதே. பகுத்தறிவாளர் எவரும் நல்லதைக் கண்டால் நல்லது என்று கூறத் தயங்கார்.

ஆனால், கட்டியவன் யார்? அதையும் கேட்பதன்றோ பகுத்தறிவு?

யாக்கோபு ஃபுக்கர்! ‘செல்வன்’ என்று பட்டப்பெயரே பெற்ற வட்டிக்கடை வேந்தன். வெள்ளிச் சுரங்கமும் செம்புச் சுரங்கமும் அவன் பிடியில். 1519ஆம் ஆண்டில் ஐந்தாம் சார்லஸ் பேரரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வாக்களிக்கும் உரிமை பெற்ற சிற்றரசர்களுக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அவனுடைய பெட்டியிலிருந்து சென்றது. அம்மட்டோ! மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் என்பவர் அவனிடம் கடன்பட்டார். அந்தக் கடனைத் தீர்க்க வழி? பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை! சீட்டு வாங்கினால் பாவத் தண்டனை குறையும் என்று ஊர் ஊராகக் கூவி விற்றனர். விற்ற பணத்தில் ஒரு பாதி ரோமாபுரித் தேவாலயத் திருப்பணிக்கு. மறு பாதி ஃபுக்கர் கடையின் கணக்குக்கு! இந்த வாணிபத்தைக் கண்டு கொதித்துத்தான் 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் போர்க்கொடி உயர்த்தினார். 1518இல் அவரை விசாரணைக்கு அழைத்த இடமும் அதே ஆக்ஸ்பர்க். விசாரணை நடந்த மனையும் ஃபுக்கர் குடும்பத்தின் மனையே.

இப்போது புரிகிறதா, வாடகை ஏன் ஒரு பொன் என்று? மீதி வாடகை வேறு நாணயத்தில் வசூலிக்கப்பட்டது. அங்குக் குடியிருப்போர் நாள்தோறும் மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும், யாருக்காக? வீடு கட்டிய ஃபுக்கருக்காகவும் அவன் குடும்பத்தாருக்காகவும்! கடனுக்கு வட்டி வாங்கிப் பழகியவன், கருணைக்கும் வட்டி வாங்கினான். உயிரோடிருக்கும்போது பணத்தைப் பெருக்கினான். இறந்த பிறகு புண்ணியம் பெருக, ஏழைகளின் வாயை வாடகைக்குப் பிடித்தான்! குடியேறுவோர் ஆக்ஸ்பர்க் நகரத்தவராக இருக்க வேண்டும். வறியவராக இருக்க வேண்டும். கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். லூதரின் வழி நின்றோர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த நகரம் அது. அவர்கள் வீட்டுக் கிழவிக்குப் பசி இல்லையா? குளிர் இல்லையா? உண்டு. ஆனால் வாயில் இல்லை! இன்றும் அந்த நிபந்தனைகள் நீடிக்கின்றன. 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் விமானக் குண்டுகள் பொழிந்து அந்தக் குடியிருப்பின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. போருக்குப் பின் மீண்டும் கட்டினர். சுவர் இடிந்தது, நிபந்தனை இடியவில்லை!

ஐரோப்பாவில் மட்டும்தானா இந்த வட்டி? நம் நாட்டுக்கு வருவோம்.

முதியோரைத் தெய்வமாகப் போற்றிய புண்ணிய பூமி இது என்று மேடைதோறும் முழங்குகின்றனர் வைதீகர். அவர்கள் போற்றும் மனுநூல் முதியவருக்கு என்ன வீடு காட்டுகிறது? தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் கண்டுவிட்டால் இல்லறத்தான் காட்டுக்குச் செல்க என்கிறது ஆறாம் அத்தியாயம். வானப்பிரஸ்தம் என்று வாய் நிறையப் பெயர் வைத்துவிட்டால் காடு வீடாகிவிடுமா? அந்தக் காடும் ‘இருபிறப்பாளர்’ எனப்பட்டோருக்கே! உழைத்து ஓய்ந்த சூத்திரக் கிழவனுக்கு அங்கும் இடம் குறிக்கவில்லை. மனைவியோ, கணவன் விரும்பினால் உடன் செல்லலாம். இல்லையேல் மகனிடம் ஒப்படைக்கப்படலாம். அவள் விருப்பம் யாது என்று கேட்க ஒரு வரியும் இல்லை. இளமையில் தந்தை, பின் கணவன், முதுமையில் மகன் என்று அவளைக் கைமாற்றிக் கொடுத்த நூலன்றோ அது!

கைமாற்ற மகனும் இல்லாதவள் எங்கே சென்றாள்? காசிக்கு, பிருந்தாவனத்துக்கு. மொட்டை அடிக்கப்பட்ட தலையும் வெள்ளைச் சீலையுமாக வந்து சேர்ந்த கைம்பெண்கள், அங்குள்ள பஜனை ஆசிரமங்களிலே மணிக்கணக்கில் பாடினர். பாடியதற்குக் கூலியாகப் பிடி அரிசியும் சில காசும் பெற்றனர். ஆக்ஸ்பர்க்கில் மூன்று ஜெபம். பிருந்தாவனத்தில் முழுநாள் பஜனை. மதம் வேறு, மொழி வேறு, வானிலை வேறு. வட்டி மட்டும் ஒன்றே!

சரி, ஜெபத்தை நீக்கிவிட்டால் போதுமா? போதாது என்கிறது இங்கிலாந்தின் வரலாறு. அங்கே ஏழைகளைக் காக்கும் பொறுப்பை 1601ஆம் ஆண்டுச் சட்டமே ஊராட்சியின் தலையில் வைத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 1834ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்தது. உதவி வேண்டுவோர் உழைப்பு விடுதிக்குள் வர வேண்டும். விடுதிக்குள் வாழ்வு, வெளியிலுள்ள கடைநிலைக் கூலியின் வாழ்வைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஏன்? வசதி இருந்தால் எல்லாரும் வந்துவிடுவார்களாம்! உள்ளே நுழைந்ததும் சொந்த உடை பறிபோகும், சீருடை வரும். கணவன் ஒரு பகுதியில்; மனைவி மறு பகுதியில். ஐம்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்த கிழவனும் கிழவியும், ஏழைகளாகிவிட்ட குற்றத்துக்காகப் பிரிக்கப்பட்டனர். அறுபதைக் கடந்த தம்பதியரைப் பிரிந்து வாழுமாறு வற்புறுத்தலாகாது என்று சொல்ல 1847ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபுக்கர் ஏழையின் வாயை வாடகைக்குப் பிடித்தான். உழைப்பு விடுதியோ ஏழையின் மானத்தையே வாடகையாகப் பிடுங்கியது!

மாற்றம் எங்கிருந்து வந்தது? கோயிலிலிருந்தா? கொடைவள்ளலின் கனவிலிருந்தா? இல்லை. தொழிலாளர் வாக்குரிமை பெற்று, சங்கம் வைத்து, ஆள்வோரை அச்சுறுத்தத் தொடங்கிய பிறகு வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க், பொதுவுடைமைவாதிகளின் வளர்ச்சியைத் தடுக்க எண்ணியேனும், 1889இல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி எழுபது வயதில் ஓய்வூதியம். 1916இல் அந்த வயது அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் நாளன்று எழுபது வயதான ஏழைகள் அஞ்சலகம் சென்று வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் பெற்றனர். அதிலும் நடத்தை பார்த்தனர்; உழைக்காதவன், குடியன் என்று பலரை ஒதுக்கினர். எனினும், கையில் ஐந்து ஷில்லிங் விழுந்ததும் ஒரு கிழவி முதன்முறையாகச் சொல்ல முடிந்தது: “இந்த அறை எனக்கு வேண்டாம், அந்த அறையைக் காட்டு!” தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது அதுதான். பணம் இல்லாதவர் தேர்ந்தெடுப்பதில்லை, அனுப்பப்படுகின்றனர்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தைப் புதைத்தது. ஆனால் கட்டடத்தைப் புதைக்கவில்லை. பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியல் அறிஞர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் விடுதிகளை நேரில் கண்டு, 1962ஆம் ஆண்டில் ‘கடைசிப் புகலிடம்’ என்னும் பொருள்பட ஒரு நூல் வெளியிட்டார். பழைய உழைப்பு விடுதிகள் பல, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு முதியோர் இல்லங்களாக நின்றன என்பதை அந்நூல் உலகுக்குக் காட்டியது. வரிசை வரிசையாகக் கட்டில்கள். தனக்கென ஓர் அலமாரி இல்லை. தனக்கென ஒரு வேலை இல்லை. பெயர் மாறினால் பிணி மாறுமா?

டென்மார்க் நாட்டவர் இந்தப் பிணியின் வேரைக் கண்டனர். அவர்கள் அமைத்த முதியோர் ஆணையம் மூன்று நெறிகளைக் கூறிற்று: முதியவர் இதுகாறும் வாழ்ந்த வாழ்வு அறுபடாமல் தொடர வேண்டும், தம் வாழ்வைத் தாமே முடிவு செய்ய வேண்டும், அவரிடம் எஞ்சியுள்ள ஆற்றலைப் பயன்படுத்த இடம் தர வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம், பழைய பாணி முதியோர் விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தியது. மாறாகச் சிறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தன் சமையலிடம், தன் குளியலறை, வாடகைக்காரருக்குரிய சட்ட உரிமை. மருத்துவ உதவியும் துணையாளும் வீட்டைத் தேடி வருவர். பாருங்கள்! ஃபுக்கெராயின் தனிக்கதவு மீண்டும் வந்தது; ஃபுக்கரின் ஜெபம் மட்டும் வரவில்லை. ஐந்நூறு ஆண்டுப் பாடத்தின் சாரம் இதுவே: கதவை வைத்துக்கொள், வட்டியைத் தள்ளிவிடு!

நம் தமிழகத்துப் பக்கத்தையும் மறக்கலாகாது. சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வடசென்னை மக்கள் அதை அழைத்ததன் காரணம் அதுவே. சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் இல்லமாக நிலைத்தது. பின்னர், 1962 ஏப்ரல் முதல் நாள், காமராசர் ஆட்சிக் காலத்தில், முதியோர் உதவித்தொகை இங்குத் தொடங்கப்பட்டது. சத்திரத்துக் கஞ்சி அருள். அரசு தரும் தொகை உரிமை. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் சமூக நீதி நடந்து வந்த வழி. எனினும், 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அத்தொகையைக் கொண்டு எந்த ஊரில் ஒரு மூதாட்டி வாடகையும் கொடுத்து உண்ணவும் முடியும்? வழி நெடியது, நாம் பாதியில் நிற்கிறோம்.

2007ஆம் ஆண்டில் நாடாளுமன்றம், பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றிற்று. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்தது. திங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மிகாமல் என்று எல்லையும் வகுத்தது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. ‘அமைக்க வேண்டும்’ என்று கூறவில்லை, ‘அமைக்கலாம்’! பிள்ளைக்குக் கட்டளை, அரசுக்கு விருப்பம்! மேலும் 150 பேரை ஒரே கூரையின் கீழ் ஏன் அடைக்க வேண்டும்? பதினைந்து பேர் வாழும் பத்துச் சிறு குடியிருப்புகளைப் பத்து ஊர்களில் கட்டினால் ஆகாதா? மாவட்டத் தலைநகரில் மூதாட்டிக்குத் தெரிந்தவர் யார்? தன் ஊர்ச் சந்தை, தன் தெருத் தோழி, தன் பேச்சு வழக்கு — இவையும் மருந்துகளன்றோ! இந்தக் கோரிக்கையை இளைஞர் மன்றங்கள் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம்.

அது வரும்வரை? இன்றே வீடு தேட வேண்டிய தோழர்கள் என்ன செய்வது? வரலாறு தந்த கோலை எடுத்து அளக்கட்டும்.

முதற்கேள்வி: கதவு யாருடையது? தாயின் அறைக்கு உள்ளிருந்து தாழிட முடியுமா? சாவி அவள் கையிலா, மேலாளர் இடுப்பிலா? வெளியே சென்றுவர ஒப்புதல் கேட்க வேண்டுமா? பளிங்குத் தரையைப் பார்க்குமுன் தாழ்ப்பாளைப் பாருங்கள்!

இரண்டாம் கேள்வி: பணம் போக, வேறு என்ன விலை? மாலை பஜனைக்கு வந்தாக வேண்டுமா? ‘நம்மவர்’ மட்டுமே குடியிருக்கும் இடம் என்று குசுகுசுப்பு உண்டா? ‘சைவ உணவு மட்டும்’ என்று பெருமையோடு விளம்பரம் செய்யும் இடங்கள் இருக்கின்றன. எழுபது ஆண்டு மீன்குழம்பு வைத்து உண்ட தாய்க்கு, கடைசிப் பத்து ஆண்டு மட்டும் அந்த மணம் குற்றமாகிவிடுமா? கருஞ்சட்டையோடு வாழ்ந்த தந்தை, முதுமையில் ஒரு கவளம் சோற்றுக்காகக் கைகூப்ப வேண்டுமா? இங்கே நமக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, தோழர்களே. நம் தாயர் பலர் கோயிலுக்குச் செல்பவர்கள். நாத்திக மகன், ஆத்திகத் தாய்க்கு வீடு தேடும்போது, அவள் விரும்பிச் செல்லும் வழியை அடைக்கும் இடத்தைத் தேடலாகாது. ஜெபம் கட்டாயம் என்பவன் ஃபுக்கர். ஜெபம் கூடாது என்று கட்டாயப்படுத்துபவன் அவனுடைய மறுபிறவி! கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம், தாயை அன்று.

மூன்றாம் கேள்வி: நோய் வந்தால்? நடக்கும்வரை ‘அம்மா’ என்று அழைத்து, படுக்கையில் விழுந்ததும் ‘அழைத்துச் செல்லுங்கள்’ என்று ஓலை அனுப்பும் இடம் வீடாகாது; சத்திரமாகவும் ஆகாது. இரவுக் காவலில் யார், செவிலியர் எத்தனை மணி நேரம், அருகில் அரசு மருத்துவமனை எத்தனை தொலைவு என்று கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, அது திரும்புமா, எத்தனை நாளில், ஆண்டுதோறும் கட்டணம் எந்த அளவுக்கு உயரும் — இவை யாவும் ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும். இனிய சொல் காற்றோடு போகும்; கையெழுத்து நிற்கும். அங்கே ஏற்கெனவே வாழ்பவரிடம், மேலாளர் அருகில் இல்லாதபோது, பத்து நிமிடம் பேசுவது வண்ண விளம்பரத்தாள் பத்தைப் படிப்பதினும் மேல்.

நான்காம் கேள்விதான் தலையாயது: தேர்ந்தெடுப்பவர் யார்? மகன் பார்த்தான், மருமகள் பிடித்தாள், மாமன் ஒப்பினான், தாய்க்குச் செய்தி சொன்னார்கள்! இதற்கும் மனுநூலுக்கும் என்ன வேறுபாடு? அவள் வந்து பார்க்கட்டும். ஒரு திங்கள் தங்கிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரட்டும். ‘வேண்டாம்’ என்று அவள் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கட்டும்.

“இவ்வளவு ஏன்? கூட்டுக் குடும்பம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே!” என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அந்தக் கூட்டுக் குடும்பத்தில் கிழவிக்குக் கஞ்சி வைத்தவள் யார்? கால் பிடித்தவள் யார்? படுக்கையைத் துவைத்தவள் யார்? மகனா? மருமகள்! கூலியில்லாத, விடுமுறையில்லாத, மறுக்கும் உரிமையில்லாத செவிலி அவள். மகன் பெற்ற ‘தாய்க்குத் தொண்டு செய்த தனயன்’ என்னும் பட்டத்துக்குப் பின்னால் அவள் வியர்வை இருந்தது. பெற்றோரைக் கூடவே வைத்துக் காக்க விரும்புவோர் மகிழ்ச்சியோடு காக்கட்டும்; மகனும் கஞ்சி வைக்கட்டும், மகனும் படுக்கை துவைக்கட்டும். இயலாதவர் நல்ல வீடு தேடட்டும். தேடுவது பாவமன்று, தேடாமல் விடுவதும், தேடிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பதுமே பழி.

ஃபுக்கர் ஒரு பொன் வாங்கி மூன்று ஜெபம் கேட்டான். பிருந்தாவனம் பிடி அரிசி கொடுத்துத் தொண்டை வற்றப் பாடச் சொன்னது. உழைப்பு விடுதி கஞ்சி ஊற்றிக் கணவனைப் பிரித்தது. இன்றைய வணிகம் முன்பணம் கேட்கிறது. சில இடங்களில் சாதியையும் சேர்த்துக் கேட்கிறது. இவர்கள் அனைவருக்கும் நாம் கூறும் மறுமொழி ஒன்றே: உழைத்து ஓய்ந்த முதியவர் தம் விலையை முன்னமே கொடுத்துவிட்டார். நாற்றங்காலில், நூற்பாலையில், அடுக்களையில், செங்கற்சூளையில், அறுபது ஆண்டு கொடுத்துவிட்டார். அவர் கேட்பது தானமன்று, நிலுவை!

அந்த நிலுவையை நாட்டினிடம் கேட்டு வாங்க மன்றம் தோறும் தீர்மானம் எழட்டும்! ஊர்தோறும் சிறு வீடுகள், உள்ளிருந்து தாழிடும் கதவுகள், ஓய்வூதியத்துக்குள் அடங்கும் வாடகை, எந்தச் சாமிக்கும் எந்தச் சாதிக்கும் வட்டி கட்டாத முதுமை — இவற்றைப் பெறும்வரை ஓயோம்!